நாமினேஷன் கொடுத்த ஊரில் எத்தனை நாள் இருக்கணும்?

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "நாமினேஷன் கொடுத்த மாகாணத்தில் முதலில் போய் இறங்குங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். (இவரை நிரந்தரக் குடியாளராக, அதாவது பிஆராக, எடுத்துக்கொள்ளலாம் என்று கனடாவின் ஒரு மாகாணம் மத்திய அரசுக்குப் பரிந்துரைப்பதுதான் நாமினேஷன்.) அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கங்களை நிரப்பிவிட்டன. வரி கணக்கு கேட்டவர்களும் பல் வைத்தியச் செலவு கேட்டவர்களும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கமாகச் சொல்வதுதான்: நான் வக்கீல் இல்லை, கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவள். 2010-ல் மானிடோபா நாமினேஷனில் கனடா வந்தேன். இப்போது இருப்பது ஒன்டாரியோவில். ஆக, இந்த விஷயத்தில் இரண்டு கரையும் பார்த்தவள்.

அக்கா, சஸ்காட்சுவான் நாமினேஷனில் எங்களுக்கு பிஆர் வந்துவிட்டது. அடுத்த மாதம் புறப்படுகிறோம். மனைவியின் அண்ணன் ஸ்கார்பரோவில் இருக்கிறார். "டொரன்டோவில் இறங்கி அங்கேயே இருந்துவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறார் எங்கள் ஏஜென்ட். ரெஜைனாவில் குறைந்தது எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது?
— ஒரு வாசகர், சேலம்

சட்டம் நாள் கணக்கே சொல்லவில்லை தம்பி. எல்லாக் குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கனடாவின் 1982 உரிமைச் சாசனம், 6-ஆவது பிரிவு: குடிமக்களும் நிரந்தரக் குடியாளர்களும் எந்த மாகாணத்துக்கும் போய்க் குடியிருக்கலாம், அங்கே சம்பாதிக்கலாம். பிஆர் ஆன நிமிடத்திலிருந்து இது உங்களுக்கும் பொருந்தும். ஏஜென்ட் இந்தப் பாதியை மட்டும் சொல்கிறார். மீதிப் பாதி குடிவரவு விதிகளில் 87-ஆவது விதி. மாகாண நாமினி என்ற வகுப்பில் நீங்கள் சேர இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, மாகாணம் கொடுத்த சான்றிதழ். இரண்டாவது, அந்த மாகாணத்தில் குடியிருக்கும் எண்ணம். விண்ணப்பம் போட்ட நாளில் இருந்தால் போதாது, விமான நிலைய கவுன்ட்டரில் அதிகாரி உங்களுக்கு பிஆர் போட்டுக் கொடுக்கிற அந்த நிமிடம் வரைக்கும் அந்த எண்ணம் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள் என்று அதிகாரி கேட்கிறார். "ஸ்கார்பரோ" என்றால், அவர் அங்கேயே உங்களை நிறுத்திவைத்து விசாரிக்கலாம். "ரெஜைனா" என்றால், மனதறிந்து சொன்ன பொய். தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் 5 வருடம் இந்த நாட்டுப் பக்கம் வர முடியாது. பிஆர் கார்டை அனுப்ப முகவரி கேட்பார்கள், அதற்கு மச்சான் வீட்டு விலாசத்தைக் கொடுத்தால் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பெரும்பாலும் யாரும் தோண்டுவதில்லை என்பது உண்மைதான். தோண்டுகிற அன்றைக்கு உங்கள் ஏஜென்ட் பக்கத்தில் நிற்கப் போவதில்லை என்பதும் உண்மை.

எங்கள் ஏஜென்டும் இதையேதான் சொன்னார். 2010 பிப்ரவரி. நான், வீட்டுக்காரர், நான்கு வயது மகள். டிக்கெட் டொரன்டோ வழியாக வினிப்பெக் வரைக்கும். வினிப்பெக் டிக்கெட் "சும்மா காட்டுவதற்குத்தான்" என்று சொல்லி வாங்க வைத்திருந்தார். வெளியே வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் வேனோடு காத்திருக்கிறார். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே எங்கே போகிறீர்கள் என்றார். "வினிப்பெக்" என்று நான்தான் சொன்னேன். "பிப்ரவரியிலா!" என்று சிரித்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் சோதனை. கனடாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டி, அடுத்த விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். தாண்டியதும் ஒரு பக்கம் அந்தப் பெல்ட், கொஞ்சம் தள்ளி வெளிக்கதவு. ஆறு பெட்டி, இரண்டு தள்ளுவண்டி. வீட்டுக்காரர் கதவைப் பார்க்கிறார், நான் பெல்ட்டைப் பார்க்கிறேன். எனக்குச் சட்டமெல்லாம் அப்போது தெரியாது. எங்களுக்காக மானிடோபா அரசுக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்தவர் வீட்டுக்காரரோடு கல்லூரியில் படித்தவர். "இவர்கள் இங்கேதான் குடியிருப்பார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தன் பெயரில் கையெழுத்துப் போட்டவர். முந்தின நாள் போனில், மூன்று தடிக் கோட்டு எடுத்துக்கொண்டு வினிப்பெக் விமான நிலையத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். குழந்தைக்கு என்ன அளவு என்றுகூடக் கேட்டார். அந்தக் குட்டிக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு மனிதர் நடுராத்திரியில் நிற்பாரே என்று நினைத்தேன். முதல் பெட்டியைத் தூக்கிப் பெல்ட்டில் வைத்தேன். வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் இரண்டாவதை வைத்தார்.

வேனோடு வந்த பெரியப்பா மகன் இரண்டு வருடம் எங்களோடு பேசவில்லை. அது தனிக் கதை.

உங்களுக்கு என் பதில்: ரெஜைனாவுக்கு டிக்கெட் போடுங்கள். மச்சானைப் பார்க்கக் கோடை விடுமுறையில் போகலாம்.

சரி, போய் இறங்கிவிட்டோம். அப்புறம்? ஆறு மாதமா, ஒரு வருடமா? நீங்கள் எத்தனை நாள் இருந்தீர்கள்? ஏன் கிளம்பினீர்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, பெங்களூரு

மழுப்பவில்லை அம்மா. நான்கு வருடம், சில மாதம். வீட்டுக்காரர் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டினார். 2014-ல் அங்கே ஒரு ஷிஃப்டையே மூடிவிட்டார்கள். மூன்று மாதம் தேடினார், அதே கூலிக்கு அங்கே கிடைக்கவில்லை, ஹாமில்டனில் கிடைத்தது. கிளம்பிவிட்டோம். யாரும் தடுக்கவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. புது முகவரியை மாற்றிக்கொண்டோம், மானிடோபா ஹெல்த் கார்டைக் கொடுத்துவிட்டு ஒன்டாரியோ கார்டுக்குப் போட்டோம்.

உங்களுக்கு எத்தனை நாள்? இறங்கும்போது எண்ணம் உண்மையாக இருந்ததா என்பது மட்டும்தான் கேள்வி என்பதால், நாள் தன்னளவில் ஒன்றுமில்லை, சாட்சியம்தான் எல்லாம். மூன்றே மாதத்தில் கிளம்பியவர்கூட, வாடகை ஒப்பந்தத்தையும் எண்பது இடத்துக்கு வேலைக்குப் போட்டதையும் காட்ட முடிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒரு வருடம் கழித்துப் போனவராகவே இருக்கட்டும், அந்த வருடம் முழுக்க வங்கிக் கணக்கில் டொரன்டோ மளிகைக் கடைச் செலவாகவே இருந்தால் என்ன சொல்வார்?

நான் கணக்கு எழுதுகிறவள் என்பதால் முதல் நாளிலிருந்தே ஒரு நீல ஃபைல் போட்டு வைத்தேன். வாடகை ஒப்பந்தம், மகளின் பள்ளிச் சேர்க்கைக் கடிதம், பஸ் பாஸ், "வருந்துகிறோம்" என்று வந்த வேலைக் கடிதங்கள், ஆங்கில வகுப்புச் சான்றிதழ், மின்சார பில். ஷிஃப்ட் மூடிய கடிதமும் கடைசியில் அதில் போய்ச் சேர்ந்தது. இன்றுவரை அந்த ஃபைலை ஒருவரும் கேட்டதில்லை. குடியுரிமை எடுத்தபோதும் கேட்கவில்லை. இருந்தாலும் வீடு மாறும்போதெல்லாம் அது எங்களோடுதான் வருகிறது.

நாள் கணக்கு வேண்டுமென்றால் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. பிஆரைத் தக்கவைக்க 5 வருடத்தில் 730 நாள், குடியுரிமைக்கு 5 வருடத்தில் 1095 நாள். இரண்டுமே கனடாவுக்குள் எங்கிருந்தாலும் சரி. இந்த எண்களை நாமினேஷனோடு முடிச்சுப் போட்டு "இரண்டு வருடம் அந்த மாகாணத்தில் இருந்தே ஆகணும்" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் வேறு வேறு.

ஒன்டாரியோவில் பிராம்ப்டனில் வேலை செய்கிறேன், படித்து முடித்த பின் கிடைத்த ஒர்க் பர்மிட் எட்டு மாதத்தில் முடிகிறது. பிஆர் தேர்வுக்கு வேண்டிய பாயின்ட் எட்டவே இல்லை. இப்போது ஆல்பர்ட்டா நாமினேஷன் வந்திருக்கிறது, 600 பாயின்ட். வேலையும் வீடும் இங்கேதான். பிஆர் வரும் வரை இங்கேயே இருந்து, அப்புறமும் இங்கேயே இருந்தால்?
— பெயர் வேண்டாம் என்று எழுதியவர், பிராம்ப்டன்

சேலத்துக்காரரைவிட உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அவர் இன்னும் வரவே இல்லை, அவருடைய எண்ணத்தை யாரும் அளக்க முடியாது. நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். உங்கள் வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, வாடகை எல்லாமே பிராம்ப்டன் என்கின்றன, விண்ணப்பம் மட்டும் ஆல்பர்ட்டா என்கிறது. அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், முடிவெடுக்கும் முன் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்புவார்கள். அதற்கு "பிஆர் வந்ததும் போவேன்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. கால்கரியிலோ எட்மன்டனிலோ எந்தெந்த இடத்தில் வேலைக்குப் போட்டீர்கள், எங்கே வீடு பார்த்தீர்கள், இங்கே வாடகை எப்போது முடிகிறது, இதெல்லாம் வேண்டும்.

போகவே எண்ணமில்லை என்றால் அந்த நாமினேஷனை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எட்டு மாதம் இருக்கும்போது இதைச் சொல்வது கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பிராம்ப்டன் வாடகைக்கு உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு இளைஞருக்கு கால்கரி அவ்வளவு மோசமான இடமா என்று ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்? பேப்பர் போடுமுன் உரிமம் உள்ள ஆலோசகரையோ வக்கீலையோ பாருங்கள். 2021-லிருந்து ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்க 'காலேஜ்' என்ற பெயரில் ஒரு சட்டப்பூர்வ அமைப்பு இருக்கிறது, அதன் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பார்க்கலாம்.

என் கணவர்தான் எனக்கு ஸ்பான்சர். அவர் இருப்பது வின்ட்ஸரில், எனக்கு வேலை கிடைத்திருப்பது ஹேலிஃபாக்ஸில். ஸ்பான்சர் செய்தவர் இருக்கும் ஊரில்தான் நான் இருக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, வின்ட்ஸர்

இல்லை. மாகாணம் கொடுக்கும் நாமினேஷனுக்கும் கணவர் கொடுக்கும் ஆதரவுக்கும் ஸ்பான்சர் என்றே பேர் சொல்வதால் வரும் குழப்பம் இது. கணவர் எழுதிக் கொடுத்தது உங்கள் அடிப்படைச் செலவுக்கு மூன்று வருடப் பொறுப்பு, அது ஊரைப் பற்றியது அல்ல. முன்பு புதிதாக வந்த சில துணைகளுக்கு இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது, 2017-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். பிஆர் கைக்கு வந்துவிட்டதென்றால் ஹேலிஃபாக்ஸ் போய்வாருங்கள். திருமணம் உண்மையானது என்பதில் சிக்கல் இல்லாதவரை இதில் சட்டம் தலையிடாது. மாமியார் தலையிட்டால் தனியாக எழுதுங்கள்.

மான்ட்ரியலில் மூன்று வருடமாக வேலை. பிரெஞ்சுத் தேர்வை நினைத்தாலே பயமாக இருக்கிறது. இங்கிருந்துகொண்டே எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் போடலாமா?
— ஒரு வாசகர், மான்ட்ரியல்

போடலாம், ஆனால் மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்துக்கு வெளியே குடியிருக்கும் எண்ணத்தோடு. 1991 உடன்பாட்டின்படி பொருளாதாரக் குடிவரவில் கியூபெக் தன் ஆட்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக ஆள் எடுக்கும் மத்திய அரசின் திறன்சார் திட்டங்கள் மற்ற மாகாணங்களுக்குத்தான். மான்ட்ரியலில் வீடு வாங்கி, பிள்ளையை அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டு "நான் ஒட்டாவா போகிறவன்" என்று எழுதினால் நம்ப மாட்டார்கள். மாறாக, கியூபெக் தேர்ந்தெடுத்து பிஆர் வாங்கி, பிறகு சூழ்நிலை மாறி டொரன்டோ போனவர்களுக்கும் அதே 6-ஆவது பிரிவுதான் துணை.

ஒரு இடைச்செருகல்: மூன்று வருடம் அங்கே இருந்துகொண்டு பிரெஞ்சுக்கு இன்னும் பயப்படுகிறீர்களா? கடைக்காரரிடம் தினமும் நாலு வார்த்தை பேசியிருந்தாலே இந்நேரம் பாதி வந்திருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவுக்கு 190, 491 என்ற இரண்டு விசாவுக்கும் வழி இருக்கிறது. தங்கை மெல்போர்னில். எது எடுத்தால் சீக்கிரம் அவளிடம் போகலாம்?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ஆஸ்திரேலியாவில் நான் வாழ்ந்ததில்லை. ஆனால் என் தம்பி குடும்பம் அடிலெய்டில் 491-ல் இருப்பதால் இந்த அடுப்பின் சூடு எனக்கும் தெரியும். இரண்டும் ஒரே மாதிரித் தோன்றும், உள்ளே வேறு வேறு.

190 முதல் நாளிலிருந்தே நிரந்தரம். ஒரு மாநிலம் உங்களை நாமினேட் செய்யும், அங்கே பொதுவாக இரண்டு வருடம் இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளும். அந்த வாக்கு உங்களுக்கும் மாநிலத்துக்கும் இடையே உள்ளது. விசாவின் மேல் நிபந்தனையாக அது ஏறுவதில்லை. சூழ்நிலை மாறினால் மாநிலத்துக்கு எழுதிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 491 அப்படி இல்லை. 2019 நவம்பரில் வந்த 5 வருடத் தற்காலிக விசா அது. நாமினேஷனுக்கு 15 பாயின்ட் கிடைக்கும், 190-க்கு வெறும் 5. அந்தப் பத்துப் பாயின்ட்டுக்கு விலை 8579 என்ற நிபந்தனை: குடியிருப்பது, வேலை செய்வது, படிப்பது மூன்றும் 'ரீஜனல்' என்று குறித்த பகுதிக்குள்தான். மீறினால் விசாவையே ரத்து செய்யலாம். மூன்று வருட வரிக் கணக்கைக் காட்டி, நிபந்தனையைக் காப்பாற்றியதையும் காட்டினால்தான் 191 என்ற நிரந்தர விசா.

சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றும் இதில் சேராது. பெர்த், அடிலெய்டு, ஹோபார்ட், ஜீலாங் எல்லாம் சேரும். ஜீலாங் மெல்போர்னிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் என்பதால் "வீடு ஜீலாங்கில், வேலை மெல்போர்னில்" என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். என் தம்பிக்கும் வந்தது. வேலைக்கும் அதே எல்லைதான் என்பதை மறுபடி படியுங்கள். தங்கையைப் பார்க்க வாரக் கடைசியில் போகலாம், அதை யாரும் தடுக்கவில்லை. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலமே 190 கொடுத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

முதலாளி வேலை கொடுத்துக் கூப்பிடும் அட்லான்டிக் திட்டத்தில் நியூ பிரன்ஸ்விக் வந்தேன். பிஆர் ஆகி ஐந்தாவது மாதம் ஆலையில் ஆட்குறைப்பு. முதலாளிக்குக் கடன்பட்டவனா நான்? வேறு மாகாணம் தேடினால் பிஆர் போய்விடுமா?
— ஒரு வாசகர், மான்க்டன்

போகாது. பிஆர் ஆன பிறகு அந்த முதலாளியோடு உங்களைக் கட்டிப்போடும் கயிறு எதுவும் இல்லை, அதிலும் அனுப்பியது அவர். ஆட்குறைப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், என் நீல ஃபைலில் இருப்பதுபோல. இதுவே பிஆர் வருமுன் நடந்திருந்தால் வேறு கதை: மாகாணம் கொடுத்த ஒப்புதல் அந்த வேலைக்கானது, புது வேலையும் புது ஒப்புதலும் தேட வேண்டியிருக்கும். முதலில் வேலையிழப்புக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். தள்ளிப்போட்டால் பணம்தான் நஷ்டம்.

சட்டம் விடுங்கள் அக்கா. ஒரு மாகாணம் நம்மை நம்பிக் கூப்பிட்டது. பிஆர் வந்ததும் ஓடுவது துரோகம் இல்லையா?
— ஒரு வாசகர், வினிப்பெக்

நம்ம ஊர்க்காரர் கேட்கிறீர்கள், அதனால் கொஞ்சம் உறைக்கிறது.

இந்தத் திட்டமே ஏன் வந்தது? வருகிறவர்கள் எல்லாம் டொரன்டோ, மான்ட்ரியல், வான்கூவர் என்று போக, மற்ற இடங்களில் வேலைக்கு ஆள் இல்லை. 1998-ல் மானிடோபா முதலில் ஆரம்பித்தது. இன்று கியூபெக், நுனாவுட் தவிர எல்லாரிடமும் நாமினி திட்டம் இருக்கிறது. வந்தவர்கள் ஓட ஓட, மாகாணங்கள் கதவைச் சுருக்கிக்கொண்டே போயின. மானிடோபாவில் வேறு மாகாணத்தில் படித்ததற்கும் வேலை பார்த்ததற்கும் பாயின்ட்டைக் குறைக்கிறார்கள். யாரோ ஓடியதற்கு, அந்த வேறு மாகாணத்தில் படித்துவிட்டு மனதார வினிப்பெக் வர நினைக்கும் பிள்ளை அபராதம் கட்டுகிறது. 2025 திட்டத்தில் மத்திய அரசு நாமினி இடங்களை 1,10,000-லிருந்து 55,000 ஆகப் பாதியாக்கியது. ஒவ்வொரு இடமும் இன்னொருவருடைய வாய்ப்பு என்பது அந்த வருடம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

ஆனால் துரோகம் என்ற வார்த்தை எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாக்குக் கொடுத்தது இரண்டு பக்கமும்தானே? எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ், அந்தப் படிப்பைக் காட்டித்தான் நாமினேஷன் வாங்கினார். வந்த பிறகு அந்தப் படிப்பு செல்லாது, மறுபடி தேர்வு, மறுபடி பயிற்சி என்றார்கள். மூன்று வருடம் முதியோர் இல்லத்தில் உதவியாளராகப் படுக்கை மாற்றினார். பிறகு கிளம்பிவிட்டார். அவரைத் துரோகி என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு ராத்திரிகூடத் தங்காமல், ஆதரவுக் கடிதம் கொடுத்தவருக்கு ஒரு போன்கூடப் பண்ணாமல் போகிறவர்களைப் பற்றி மட்டும் எனக்கு நல்ல வார்த்தை வராது. எங்களுக்குக் கோட்டு கொண்டுவந்தாரே, அவர் எங்களுக்குப் பிறகு இன்னொரு குடும்பத்துக்கும் கையெழுத்துப் போட்டார். அவர்கள் டொரன்டோவிலேயே இறங்கிக்கொண்டார்கள். மனிதர் விமான நிலையத்தில் கடைசிப் பயணி வரும் வரை நின்றுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் கையெழுத்துப் போடுவதில்லை.

நாங்கள் நிஜமாகவே வினிப்பெக் போகிறோம்! டிசம்பரில். உருப்படியாக ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
— புதுமணத் தம்பதி, திருச்சி

பழைய கார் வாங்கும்போது முன்பக்கம் ஒரு பிளக் தொங்குகிறதா என்று பாருங்கள். எஞ்சினைச் சூடாக வைக்கும் ஹீட்டருடையது அது, ராத்திரி சுவரில் செருகி வைக்க வேண்டும். முதல் குளிர்காலத்தில் அது என்னவென்று தெரியாமல், அசிங்கமாகத் தொங்குகிறதே என்று நான் டேப் போட்டு உள்ளே சுருட்டி ஒட்டிவிட்டேன். மறுநாள் மைனஸ் 31. கார் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா வந்து, டேப்பைப் பிரித்துப் பார்த்து, என்னை ஒரு பார்வை பார்த்தார்.